கெட்டியான "ஷாக்" நல்ல "ஷாக்" ஆகுமா?

பழைய வேனை ஓடும் வீடாக்குவோருக்கு ஒரு யோசனை

படுக்கை இருக்கிறது. அடுப்பு இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ஜன்னலுக்குத் திரைகூட இருக்கிறது.

ஆனால் இந்த வீட்டுக்கு வாடகை கிடையாது. ஏன் தெரியுமா? இதற்கு நான்கு சக்கரம் இருக்கிறது!

பழைய வேனை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, உள்ளே வீடு போல அமைத்துக்கொண்டு ஊர் சுற்றுவது வெளிநாட்டில் வெகு நாளாக உள்ள பழக்கம். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் கம்பெனி 1950-ல் தன் வேனைத் தயாரிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே வெஸ்ட்பாலியா என்ற கம்பெனி அதில் படுக்கையும் அலமாரியும் பொருத்தி வீடாக மாற்றிவிட்டது. 1960-களிலும் 70-களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் பலர் இப்படிப்பட்ட வேன்களில் ஏறி, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரை மார்க்கமாகவே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

தமிழ்நாட்டுக்கும் வேன் பயணம் புதிது அல்ல. 90 வயதைத் தாண்டிய பிறகும் பெரியார் வேனில்தான் ஊர் ஊராகப் போய்க் கூட்டங்களில் பேசினார்.

இப்போது படூரில் ஒரு குடும்பம் இப்படி ஒரு பழைய வேனை வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு பாட்டி. கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய், கடற்கரைச் சாலையைப் பிடித்தால் மாமல்லபுரம். மொத்தம் 30 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிவிடலாம்.

கிளம்பினார்கள். முதல் வேகத்தடையில் வேன் ஏறி இறங்கியது. இறங்கிய பிறகும் ஆடியது. ஊஞ்சல் போல மேலும் கீழும் ஆடிக்கொண்டே போனது. பாட்டி "முருகா!" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

பட்டறைக்குப் போனால் பதில் தயாராக இருக்கிறது.

"ஷாக் அப்சார்பர் போய்விட்டது, சார். கெட்டியான ஷாக்காகப் போட்டுவிடலாம். வண்டி கல் மாதிரி நிற்கும்!"

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வண்டி கல் மாதிரி நிற்க வேண்டியதில்லை. சக்கரம் ரோட்டை விட்டு எழும்பாமல் ஓட வேண்டும். அதற்குத்தான் ஷாக் அப்சார்பர்.

வில்லு வண்டி சொல்லும் பாடம்

வில்லு வண்டியில் போன பெரியவர்களைக் கேளுங்கள். கட்டை வண்டி எலும்பை உடைக்கும். வில்லு வண்டி அப்படி இல்லை. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அந்த அடியை வில் வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கிய அடியை வில் விழுங்கிவிடுவது இல்லை. திருப்பிக் கொடுக்கிறது! அதனால்தான் வில்லு வண்டி குதித்துக் குதித்துப் போகும். மாடு மெதுவாகப் போவதால் அந்தக் குதியால் ஆபத்து இல்லை.

வேன் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அங்கே குதித்தால் என்ன ஆகும்?

அந்தக் குதியை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. பெயர்தான் "அதிர்ச்சி தாங்கி". உண்மையில் அடியைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். ஒரு குழாய்க்குள் எண்ணெய். அதற்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சின்னஞ்சிறு துவாரங்கள். சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்தத் துவாரங்கள் வழியாகக் கஷ்டப்பட்டு நுழைந்து போக வேண்டும். ஆட்டத்தின் வேகம் எல்லாம் அங்கே சூடாக மாறிவிடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இந்தச் சூட்டை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கும் மெக்கானிக்குகள் உண்டு. மேடுபள்ளமான ரோட்டில் சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து, நான்கு ஷாக்குகளையும் கை பட்டும் படாமலும் தொட்டுப் பார்ப்பார்கள். மூன்று சூடாக இருந்து, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அந்த ஒன்று வேலை செய்யவில்லை!

இன்னொரு பரீட்சையை வீட்டிலேயே செய்யலாம். வேனின் ஒரு மூலையை நன்றாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். மேலே வந்து, ஒரு தடவை தணிந்து நின்றுவிட்டால் நல்லது. இரண்டு மூன்று தடவை ஆடினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஷாக்கின் மேல் எண்ணெய் வழிந்திருந்தாலும், டயர் ஒரே சீராகத் தேயாமல் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தாலும் அதே முடிவுதான்.

"ஆடினால் ஆடிவிட்டுப் போகட்டும். வயிற்றைக் கலக்கும், வேறு என்ன?" என்று விட்டுவிடக் கூடாது. குதிக்கும் சக்கரம் ரோட்டை விட்டு எழும்புகிறது. எழும்பிய சக்கரத்துக்கு பிரேக் கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாய் ஒன்று குறுக்கே ஓடினால், வழக்கமாக நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் வேன் நிற்கும். பக்கத்தில் பெரிய பஸ் ஒன்று வேகமாகப் போனால், அந்தக் காற்றிலேயே வேன் தள்ளாடும்.

பாரம் யாருடையது?

சரி, கெட்டியான ஷாக் ஏன் கூடாது?

மெக்கானிக் சொன்னதை வீட்டுக்காரர் நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. வேனின் பின்பக்கம் தாழ்ந்து போயிருக்கிறது. கெட்டியான ஷாக் போட்டால் தூக்கி நிறுத்தும் என்று நினைக்கிறார். நிறுத்தாது! வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங் பட்டை. சாதாரண ஷாக் அப்சார்பர் பாரத்தைச் சுமப்பதே இல்லை. பின்பக்கம் தாழ்ந்திருந்தால் முதலில் பட்டையைப் பார்க்க வேண்டும். பட்டை தளர்ந்திருக்கலாம், ஒன்று முறிந்திருக்கலாம். அதைச் சரி செய்யாமல் எந்த ஷாக்கை வாங்கினாலும் பணம் தண்டம்.

அளவுக்கு மீறிக் கெட்டியான ஷாக்கைப் போட்டால் இன்னொரு வினை. சக்கரம் பள்ளத்தில் இறங்கவே தயங்கும். ஒவ்வொரு குழியின் அடியும் நேராக உடலுக்கு வரும். பழைய வேனின் உடல், பாட்டியின் உடல், இரண்டுக்கும்தான்! துருப்பிடித்த பழைய சட்டத்தில், ஷாக்கை மாட்டும் இடமே விரிசல் விட்டுவிடலாம்.

அதற்காகப் பஞ்சு போல மெத்தென்று இருப்பதை வாங்கச் சொல்லவில்லை. வேனின் எடையைக் கணக்குப் போடச் சொல்கிறது இந்தக் கட்டுரை. சரக்கு வேன் பாரத்தோடு போகும், காலியாகத் திரும்பும். வீட்டு வேன் அப்படி அல்ல. நாள் முழுவதும் பாரம்தான். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. ஐந்து பேர் ஏறினால் சுமார் 300 கிலோ. கட்டில், அலமாரி, அடுப்பு, சிலிண்டர், பாட்டரி, அரிசி மூட்டை எல்லாம் சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டிவிடும். எல்லாவற்றையும் ஏற்றி, எடை மேடையில் ஒரு முறை நிறுத்துங்கள். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஷாக் வாங்கப் போகிறவர் ஏமாறமாட்டார்.

கம்பெனியே இல்லை; சாமான் எங்கே?

பழைய வேன் என்றால் ஒரு தனிக் கஷ்டம். வண்டி இருக்கும், செய்த கம்பெனி இருக்காது.

இதே செங்கல்பட்டுப் பக்கத்தில் ஓர் உதாரணம். வண்டலூருக்கு அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. 1949 முதல் அங்கே கார்கள் தயாராயின. 1961-ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தின் அட்லஸ் வேனை ஒட்டி "ஸ்டாண்டர்டு 20" என்ற வேனும் அங்கேதான் உருவாயிற்று. 1988-ல் உற்பத்தி நின்றது. இன்று அந்த வேனை வைத்திருப்பவர், சாமானுக்கு எந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவார்?

பஜாஜ் டெம்போவின் மெட்டடார் வேன் 1969-ல் வந்தது. அதுவும் 2000-ல் நின்றுவிட்டது. ஆனால் அந்தக் கம்பெனி ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்ற பெயரில் இன்றும் வேன்கள் செய்கிறது. நாடு முழுவதும் ஓடிய வண்டி என்பதால், மெட்டடாரை அறிந்த கைகளும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டிய விஷயம் இது!

சென்னைக்குப் போனால் இரண்டு வழி. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுச் சாமான். புதுப்பேட்டையில் பழைய சாமான். கதவா, கண்ணாடியா, கைப்பிடியா? புதுப்பேட்டைக்குத் தாராளமாகப் போகலாம். எங்கும் கிடைக்காதது அங்கே கிடைக்கும். ஆனால் ஷாக் அப்சார்பரை மட்டும் பழையதாக வாங்குவது புத்திசாலித்தனம் அல்ல. உள்ளே சீல் எப்படி இருக்கிறது, துவாரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வெளியே கறுப்பு பெயிண்ட் அடித்தால் பளபளவென்றுதான் இருக்கும்.

கடையில் கையால் அழுத்திப் பார்ப்பதும் பெரிய பரீட்சை அல்ல. மெதுவாக அழுத்தினால் எண்ணெய் சுலபமாகப் போய்விடும். வேகமாக ஆடும்போதுதான் அது எதிர்த்து நிற்கும். செத்துப்போன ஷாக் எது என்று கை சொல்லும். நல்ல ஷாக் எது என்று கை சொல்லாது.

ஆகவே பழைய ஷாக்கையே கழற்றிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முழுவதும் அமுக்கிய நீளம், முழுவதும் இழுத்த நீளம், மாட்டும் முனை வளையமா, ஆணியா, புஷ்ஷின் துவாரம் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து வாங்க வேண்டும். நீளம் குறைந்தால் சக்கரம் தொங்கும்போது ஷாக் பிய்ந்துவிடும். நீளம் கூடினால் பள்ளத்தில் உள்ளேயே இடித்து உடையும்.

வெளிநாட்டுப் பெட்டியில் வந்தால்தான் நல்லது என்ற எண்ணமும் வேண்டாம். ஃபோக்ஸ்வேகன் ரசிகர்கள் புகழும் ஷாக், அந்த வேனுக்குப் பொருந்தலாம். அதற்குப் பின்னால் எஞ்சின். ஸ்பிரிங் பட்டைக்குப் பதில் முறுக்குக் கம்பி. மெட்டடாருக்கு முன்னால் எஞ்சின். ஒன்றுக்குப் பொருந்திய மருந்து மற்றொன்றுக்குப் பொருந்துமா? கேப்ரியல் இந்தியா 1961-ல் தொடங்கிய கம்பெனி. தமிழ்நாட்டிலேயே ஓசூரில் அதற்குத் தொழிற்சாலை இருக்கிறது. அளவும் எடையும் சரியாக இருந்தால், உள்நாட்டு ஷாக்கே குடும்ப வேனுக்குப் போதும். எண்ணெய் ஷாக்கா, காஸ் ஷாக்கா என்ற சண்டைக்கும் இதே பதில்தான். காஸ் நிரப்பியதில் எண்ணெய் சீக்கிரம் நுரைக்காது. நீண்ட தூரம் கெட்ட ரோட்டில் ஓடுகிறவருக்கு நல்லது. மாமல்லபுரம் போய் வருகிறவருக்கு எண்ணெய் ஷாக் குறைவானது அல்ல.

வாங்கும்போது ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். முன்னால் இரண்டு, அல்லது பின்னால் இரண்டு என்று ஜோடியாக. முடிந்தால் நான்கும்.

பட்டறையில் நின்று பாருங்கள்

நல்ல ஷாக்கும் அவசரக் கையில் கெட்டுவிடும். எண்ணெய் ஷாக்கை மாட்டும் முன், நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை இழுத்து அமுக்கி உள்ளே உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். ரப்பர் புஷ் போல்ட்டை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும்.

படூரிலேயே 1985-ல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இருக்கிறது. இன்று இந்துஸ்தான் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்துவிட்டது. மாதம் ஒரு ஞாயிறு அங்கே படிக்கும் பிள்ளைகள் அக்கம்பக்கத்துப் பழைய வண்டிகளைப் பார்த்து, எது சரி, எது கோளாறு என்று எழுதிக் கொடுத்தால் என்ன? பிள்ளைகளுக்கும் பாடம். வண்டிக்காரருக்கும் லாபம்.

படூர்க்காரருக்கு இன்னொரு எதிரி இருக்கிறது. உப்புக் காற்று! ஒரு பக்கம் கோவளம் கடல், மறுபக்கம் கேளம்பாக்கத்து உப்பளம். ஷாக்கின் பளபளப்பான தண்டில் உப்பு படிந்தால் துருப் புள்ளி விழும். அந்தப் புள்ளி ஏறி இறங்கும்போது ரம்பம் போல சீலை அறுக்கும். அப்புறம் எண்ணெய் வழியும். தண்டை மூடும் ரப்பர் உறை உள்ள ஷாக்காகக் கேட்டு வாங்குவது நல்லது. கடற்கரைக்குப் போய் வந்த அன்றே, வேனுக்கு மேலே கழுவுவதற்கு முன்னால், கீழே நல்ல தண்ணீர் அடித்துவிட வேண்டும். இரண்டு குடம் போதும்.