தரங்கம்பாடியில் அரை மணி நேரம்

சென்னையிலிருந்து கோடிக்கரை வரை கரையோரமாகவே செல்வது என்று தீர்மானித்துப் புறப்பட்ட பயணம் அது. காரைக்காலுக்குச் சற்று வடக்கே, தரங்கம்பாடி என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும் வாகனத்தைத் திருப்பச் சொன்னேன். "அரை மணி நேரம் போதும் சார், கோட்டையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம்" என்றார் சாரதி. மாலைவரை நாங்கள் கிளம்பவில்லை.

அழகிய ஊர்தான். 1792இல் கட்டப்பட்ட நகர வாயிலைக் கடந்தால் நேரான வீதி, இருபுறமும் பழைய தேவாலயங்களும் தூண் வைத்த வீடுகளும், முடிவில் கடல். இலங்கையில் காலூன்ற முடியாமற்போன டேனியர், 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் எழுப்பியதே டான்ஸ்போர்க் கோட்டை. 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு அவர்கள் போய்விட்டனர். அப்பால், அலைகள் பாதியை அரித்துவிட்ட மாசிலாமணிநாதர் கோயில்.

வருவோர் பலரும் கோட்டைச் சுவரில் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். எனக்கு அது உறுத்தியது. பத்திரிகைத் தொழிலில் முடி நரைத்தவன் இவ்வூரை அப்படிக் கடந்துபோக இயலாது.

தமிழ் முதன்முதலில் அச்சேறியது இங்குதான் என்று சிலர் எழுதுவர். அது தவறு. 1578இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் சிறப்பு வேறு. 1706இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அமைத்த அச்சுக்கூடத்துக்கு முதலில் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துக்கள் வந்தன. அவை அளவிற் பெரியவையாக இருந்ததால் கடதாசி அதிகம் செலவாயிற்று. ஆகவே அருகிலுள்ள பொறையாறில் சிறிய எழுத்துக்களை வார்த்தனர். கடதாசி செய்யவும் ஆலை அமைத்தனர். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சிடப்பட்டு நிறைவுற்றது. எழுத்து வார்ப்பதும் கடதாசி செய்வதும் அச்சிடுவதும் ஒரே வட்டாரத்தில் கைத்தொழிலாக வேரூன்றின. ஈழத்தில் நாம் இன்றும் 'கடதாசி' என்கிறோமே, அச்சொல் 'கடுதாசிப்பட்டறை' என்று அங்கே ஊர்ப்பெயராகவே நிற்கிறது.

1981இல் யாழ்ப்பாணத்தில் நூலகமும் 'ஈழநாடு' பத்திரிகைக் காரியாலயமும் எரிந்து சாம்பலானதை அறிந்த ஒருவனுக்கு, அந்தப் பெயர் வெறும் பெயராகத் தோன்றவில்லை.

சீகன்பால்குவுக்கு அவ்வூரில் சிலை உண்டு. அவர் வாழ்ந்த வீடும் இன்று அருங்காட்சியகமாகியுள்ளது. அது தகும். டேனிஷ் தளபதியுடன் முரண்பட்டு அதே கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்தவர். 1719இல் 36 வயதிலேயே மறைந்தவர். ஆனால், குழந்தைகளோடு அவரையும் மணலில் எழுதப் பழக்கிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் எங்கே? பேச்சுத் தமிழைப் புகட்டி, அதன் பொருட்டு அல்லற்பட்ட அழகப்பன் எங்கே? அவர்கள் பெயர் சொல்லும் ஒரு பலகையையும் நான் காணவில்லை.

கற்றவரைக் கொண்டாடிவிட்டுக் கற்பித்தவரை மறப்பது நன்றியன்று. கோட்டைக்கு வெள்ளையடிக்கச் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், அந்த இருவருக்கும் ஒரு கல் நாட்ட.

அவ்வழியே செல்வோருக்கு ஒரு வேண்டுகோள். கோட்டையுடன் திரும்பிவிடாதீர்கள். பொறையாறு வரை ஒருமுறை போய் வாருங்கள்.