முன்னோட்டமும் தீர்ப்பும்

புதிய படமொன்றின் முன்னோட்டம் வெளிவந்த அன்றே அதற்குத் தீர்ப்பும் எழுதிவிடுவது, தலைநகரில் வாழும் நம் இல்லங்களிலும் வழக்கமாகிவிட்டது. தீர்ப்புக் கூறுவதில் தவறில்லை. காரணம் கூறாது விடுவதே தவறு.

சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய ‘கோச்சடையான்’ படத்தை நினைவுகூர்வோம். 2013 செப்டம்பரில் அதன் முன்னோட்டம் வெளிவந்தபோது இரசிகர் பலர் ஆர்ப்பரித்தனர். வேறு சிலரோ உருவங்கள் பொம்மைகளை ஒத்திருப்பதாக நகைத்தனர். 2009 இல் வந்த ‘அவதார்’ படத்தோடு ஒப்பிட்டவர்களும் உண்டு.

குறை உண்மையே. நடிகரின் உடலில் குறிகளைப் பொருத்தி, அவர்தம் அசைவைப் பதிவு செய்து, கணிப்பொறியால் உருவம் அளிக்கும் முறை அது. கைகால்களின் அசைவு வசப்படும். கண்ணின் உயிர்ப்பு எளிதில் வசப்படாது. தோற்பாவையிடம் அதனை நாம் எதிர்பார்ப்பதில்லை. பாவை தன்னை மனிதன் என்று சொல்லிக்கொள்வதில்லையே! மனிதனைப் போலவே தோன்ற முயலும் உருவத்திலோ சிறு பிழையும் உறுத்துகிறது.

2014 மே 23 அன்று வெளிவந்த படத்திலும் அக்குறை முற்றும் நீங்கவில்லை. ஆயினும், 2009 இல் மறைந்த நாகேஷ் அதே கலையின் துணையால் அப்படத்தில் மீண்டும் நடமாடினார். இதையும் கணக்கில் சேர்ப்பதே நேர்மை.

நம் பிள்ளைகள் அயல்நாட்டுப் படங்களைக் கண்டு வளர்பவர்கள். தமிழர் முயற்சியைக் கண்டு நாம் வெறுமனே சிரித்தால், நம்முடையதெல்லாம் நகைப்புக்குரியது என்று கற்பர். நம்முடையது என்பதற்காகவே புகழ்ந்தால், பொய்யைக் கற்பர். அடுத்த முன்னோட்டம் வரும்போது, எது நன்று, எது குறை, ஏன் என்று அவர்களையே கேட்போம். விடையைத் தமிழில் சொல்லச் செய்வோம்.