ஓட்டை விழுந்த கடிதங்களும் ஸ்டான்லி கிப்பன்ஸும்

முதலில் எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். சாதாரண தரம் படிக்கும்போது எங்களில் ஒருவரின் அப்பாயி வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தோம். டொலஸ்பாகை ரோட்டில் ஒரு தோட்டம், லயத்து வீடு. டின் நிறையக் கடிதங்கள். முக்கால்வாசி இந்தியாவிலிருந்து, அதாவது கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருந்து, எழுபதுகளில் வந்தவை. நாங்கள் என்ன செய்தோம்? கடிதத்தை வாசிக்கவில்லை. உறைகளில் இருந்த முத்திரைகளை வெட்டி, பேசினில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டு, உரித்து, பழைய கொப்பித் தாளில் காயவைத்தோம். ஏரோகிராம்களில் முத்திரை ஒட்டியிருக்காது, தாளிலேயே அச்சடித்திருக்கும். அதையும் கத்தரிக்கோலால் சதுரமாக வெட்டி எடுத்தோம். உறைகளைக் குப்பையில் போட்டோம்.

பிறகுதான் கட்டலொக் பார்த்தோம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பேஸ்புக்கில் "பழைய முத்திரை இருக்கா? லட்சாதிபதி ஆகலாம்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டு நாவலப்பிட்டியிலும் கடியன்லேனவிலும் பையன்கள் வீட்டு டின்களைக் கிளறுகிறார்கள். போனில் ஒரு கட்டலொக் பக்கத்தின் படம். "ஸ்டான்லி கிப்பன்ஸ்ல இவ்வளவு போட்டிருக்கு, ஸ்காட்ல கொறைவா இருக்கு, எது சரி?" என்று எங்களிடம் கேட்கிறார்கள். ரெண்டும் சரியில்ல தம்பி. ரெண்டு கடையின் விலைப்பலகையை ஒப்பிட்டுக்கொண்டு அதை உன் சொத்து மதிப்பு என்று நினைக்கிறாய்.

ஸ்டான்லி கிப்பன்ஸ் ஒரு முத்திரை வியாபாரி. 1856இல் தொடங்கிய கடை, 1865இல் முதல் விலைப்பட்டியலை அச்சடித்தது. அதன் தொடர்ச்சிதான் இன்றைய தடித்த புத்தகம். அதில் இருக்கும் விலை, நல்ல நிலையில் உள்ள ஒரு முத்திரையை அந்தக் கடை உனக்கு விற்கும் விலை. உன்னிடமிருந்து வாங்கும் விலை இல்லை. முன்னுரையிலேயே அவர்கள் இதைச் சொல்லிவிடுகிறார்கள். யார் முன்னுரையைப் படிக்கிறோம்? அண்மைக்காலப் பதிப்புகளில் ஒரு முத்திரைக்குப் போடும் ஆகக் குறைந்த விலை 10 பென்ஸ். ஆனால் கடையில் தனி முத்திரை வாங்கப்போனால் ஒரு பவுணுக்குக் குறைய வாங்க முடியாது. அப்படியென்றால் அந்த 10 பென்ஸ் யாருடைய விலை? அமெரிக்காவின் ஸ்காட் 1868இலிருந்து வருகிறது. அதிலும் இதே மாதிரி ஒரு அடிமட்ட விலை உண்டு. அந்த விலை முத்திரைக்குக் கூட இல்லை, அதைத் தேடி எடுத்து உறையில் போட்டுத் தருகிற வியாபாரியின் கூலி. ஜெர்மனியின் மிஷேல், பிரான்சின் இவெர்ட் எல்லாமே அந்தந்த நாட்டுச் சந்தையை வைத்து எழுதப்பட்டவை. இலங்கையின் பழைய முத்திரைகளை லண்டன் வியாபாரி நுணுக்கமாகப் பிரிப்பான்: நீர்க்குறி தலைகீழாக இருந்தால் தனி இலக்கம், தனி விலை. ஸ்காட்டில் அந்தத் தலைகீழ் நீர்க்குறிக்கு வரியே இல்லை. முத்திரை ஒன்றுதான், வாங்குகிறவன் எங்கே இருக்கிறான் என்பதுதான் வித்தியாசம்.

இன்னொரு கூத்தும் நடந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா, மே மாதத்தில் 360 தாண்டியது. எங்கள் ஊரில் கட்டலொக்கைப் பார்த்து ரூபாயில் விலை சொல்லிக்கொண்டிருந்தவர்களின் "சேகரிப்பு" இரண்டரை மாதத்தில் முக்கால் மடங்கு ஏறிவிட்டது. அதே முத்திரை, அதே அல்பம். அரிசி வாங்கத்தான் காசு இல்லை.

சரி, பெரிய விலைக்குப் போகிற இலங்கை முத்திரை இல்லையா? இருக்கிறது. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1இல் வந்தது, 6 பென்ஸ். ஆனால் எல்லாரும் பேசுவது 1859இல் வந்த 4 பென்ஸ் மங்கல் ரோஸ் நிற முத்திரையைத்தான். பயன்படுத்தாத ஒன்று கிடைத்தால் வீடு கட்டலாம். உன் டின்னில் அது இருக்காது. எங்கள் கொள்ளுத்தாத்தாக்கள் அந்தக் காலத்தில் கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள், நாலு பென்ஸ் கொடுத்துக் கடிதம் போடவில்லை. இருந்தாலும் அந்த முத்திரையிடம் கற்க ஒன்று இருக்கிறது. அதன் வடிவம் எண்கோணம், ஓரத்தில் துளை கிடையாது, தாளிலிருந்து கத்தரிக்கோலால்தான் வெட்டி எடுக்க வேண்டும். அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் சிலர் அழகு பார்த்து எண்கோணத்தின் ஓரத்தோடு ஒட்ட வெட்டிவிட்டார்கள். அப்படி வெட்டிய பிரதிக்கு இன்று முழு ஓரம் உள்ளதன் விலையில் ஒரு சிறு துண்டுதான் கிடைக்கும். வெட்டாதே என்று கட்டலொக்கே ஒரு காலத்து முத்திரைக்குச் சொல்கிறது.

எங்கள் காலத்துக் கடிதங்களுக்கு ஏன் அதைச் சொல்லவில்லை என்பதுதான் எங்கள் சண்டை.

முழு உறையோடு இருக்கும் முத்திரைக்கு எத்தனை மடங்கு விலை என்று கிப்பன்ஸ் கட்டலொக் ஒரு வரி போடுகிறது. அந்த வரி 1945இல் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு உறைக்கு மதிப்பு இல்லை, முத்திரைக்குத்தான். அந்த முத்திரையிலும் சீல் மெல்லிசாக, ஓரமாக விழுந்திருக்க வேண்டும். தபால் கந்தோரில் மைக்கட்டையை ஓங்கிக் குத்திய சீல் என்றால் மதிப்பு இறங்கும். 1874இல் ரயில் நாவலப்பிட்டிக்கு வந்தது. அதிலிருந்து இந்த ஊர்ச் சீல் எத்தனை கடிதங்களின் மேல் விழுந்திருக்கும்! கட்டலொக் கண்ணுக்கு அது ஒரு கறை.

ஏரோகிராமின் கதை இன்னும் மோசம். அச்சிட்ட முத்திரையோடு வரும் கடிதத்தாளை கிப்பன்ஸ் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. ஸ்காட் அமெரிக்காவுடையதைச் சேர்க்கும், எங்களுடையதை இல்லை. அதற்கென்று ஹிகின்ஸ் அண்ட் கேஜ் என்று தனி கட்டலொக் இருக்கிறது, ஆனால் முழுத் தாளாக இருந்தால்தான் அதில் இடம். நாங்கள் வெட்டி எடுத்த சதுரங்களுக்கு எங்கேயும் விலை இல்லை.

1964 ஒக்டோபர் 30. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். 1974இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நாவலப்பிட்டி ஸ்டேஷனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரம் வழியாக நீலகிரித் தேயிலைக்கே திரும்பப் போனவர்கள் எழுதியதுதான் அந்தக் கடிதங்கள். யார் எந்தத் தோட்டத்துக்குப் போனார்கள், கூலி எவ்வளவு, யார் செத்தார்கள் என்பதெல்லாம் ஏரோகிராம் தாளில்தான் இருக்கிறது. பலருக்கு வேறு பதிவு கிடையாது. லயத்துக்கு இலக்கமோ தெருப் பெயரோ இல்லாததால் விலாசம்கூட தோட்டத்துப் பெயரும் டிவிஷனும் அப்பா பெயருமாகத்தான் இருக்கும். அந்த விலாசமே ஒரு ஆவணம்.

முத்திரையில் நாங்கள் இல்லையா என்று கேட்டால், இருக்கிறோம். முப்பதுகளில் வந்த 9 சத முத்திரையில் கொழுந்து பறிக்கும் பெண். கட்டலொக்கில் அதற்குத் தலைப்பு "தேயிலை பறித்தல்". பறிக்கிறவளுக்குத் தலைப்பு இல்லை. 1967இல் தேயிலைத் தொழிலின் நூற்றாண்டுக்கு முத்திரை வந்தது. ஒப்பந்தம் போட்டு மூன்று வருஷம்கூட ஆகவில்லை. இரண்டுமே கட்டலொக்கில் சின்னக் காசுதான், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூத்த சேகரிப்பாளர்கள் கோபிப்பார்கள்: "கட்டலொக் இல்லாம சேகரிப்பே இல்ல தம்பி." ஒத்துக்கொள்கிறோம். எந்த வருஷம், எந்த நீர்க்குறி, எத்தனை துளை என்று அடையாளம் காண கிப்பன்ஸை விட நல்ல புத்தகம் இலங்கை முத்திரைக்கு எங்களுக்குத் தெரியாது. விலைப் பத்தியைக் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள் என்றுதான் சொல்கிறோம். காசு தேவைப்பட்டு விற்கிறவர்களையும் குறை சொல்லவில்லை. விற்பதானாலும் முழு உறையாக விற்றுவிடுங்கள். கடிதத்தை முதலில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். சீலில் ஊரும் தேதியும் தெரிகிற மாதிரி எடுங்கள். தண்ணீரில் எதையும் போடாதீர்கள்.

மிஞ்சிய கடிதங்களை நாங்கள் இப்போது 80 பக்கக் கொப்பி ஒன்றில் பதிகிறோம். எழுதியவர், எங்கிருந்து, எந்தத் தோட்டத்துக்கு, சீலில் என்ன தேதி, உள்ளே என்ன விஷயம். விலைக்குப் பத்தி போடவில்லை. 14ஆம் இலக்கம் அப்பாயியின் தங்கச்சி கூடலூரிலிருந்து எழுதியது. தேதி இல்லை, முத்திரையோடு சீலையும் வெட்டிவிட்டோம். ஏரோகிராமில் முத்திரைக்குப் பின்பக்கம்தான் எழுதுகிற பக்கம். "சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டிருச்சு, ஆனா" என்று வரி போகிறது, பிறகு நாங்கள் வெட்டிய சதுரம், அதற்குக் கீழே "கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்" என்று முடிகிறது. என்ன கேட்டாங்க என்று அப்பாயியிடம் கேட்டோம். அவங்களுக்கு ஞாபகம் இல்லை. வெட்டின துண்டு அல்பத்தில் இருந்தால் ஒட்டிப் பார்க்கலாமென்று தேடினோம். கட்டலொக்கில் இல்லாத துண்டு என்று அதை எப்போதோ தூக்கிப் போட்டிருக்கிறோம்.