பூட்டிய வீடுகளும் புதைந்த ஏரிகளும்

திருப்பதியிலிருந்து திருச்சானூர், ரேணிகுண்டா, சந்திரகிரி என எத்திசையில் புறப்பட்டாலும் சாலையின் இருமருங்கிலும் மனைப்பிரிவு விளம்பரப் பலகைகளே நம்மை எதிர்கொள்கின்றன. நேற்றுவரை நெல்லும் கரும்பும் நின்ற வயல்களில் இன்று எல்லைக்கற்கள் நிற்கின்றன. சித்தூரின் புறநகரிலும் இதே காட்சிதான். ஆனால் ஊருக்குள் திரும்பிப் பாருங்கள். இரண்டு புதிய மாடி வீடுகளுக்கு நடுவே சீமைக்கருவேல் மண்டிய மனை ஒன்று கிடக்கும். அடுத்த தெருவில் உத்தரம் இற்று, ஓடு சரிந்து, துருப்பிடித்த பூட்டோடு பழைய வீடு ஒன்று நிற்கும். புதிய கட்டுமானத்தை வளர்ச்சி என்றும் பாழடைந்த வீட்டைத் தனியொரு குடும்பத்தின் அலட்சியம் என்றும் நாம் பிரித்துப் பேசுகிறோம். இரண்டும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள் என்பது என் கருத்து.

1911இல் வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் கடப்பையின் பகுதிகளையும் இணைத்துச் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருப்பதி ஒரு கோயில் ஊர். 1954இல் திருவேங்கடவன் பெயரிலான பல்கலைக்கழகம் வந்தது. 2015இல் ஐஐடியும் ஐசரும் வந்தன. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதியே தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஒவ்வொரு கட்டத்திலும் நிலத்தின் விலை ஏறியது. குடியிருப்பதற்கான இடமாக இருந்த மனை, பணத்தைப் பத்திரப்படுத்தும் பெட்டகமாக மாறியது. பெங்களூரிலோ சென்னையிலோ அமெரிக்காவிலோ இருப்பவர், திருமலையின் அடிவாரத்தில் ஒரு மனை இருக்கட்டும் என்று வாங்கிப் போடுகிறார். அவர் கட்டப்போவதுமில்லை, விற்கப்போவதுமில்லை. விலை ஏறும் வரை முட்செடியும் ஏறிக்கொண்டிருக்கும்.

பூட்டிய வீட்டின் கதை வேறு வகையானது. தாத்தா கட்டிய வீட்டுக்கு இன்று பத்துப் பதினைந்து பங்காளிகள். பெண் மக்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை அளிக்கும் திருத்தத்தை ஆந்திரம் 1985இலேயே நடைமுறைப்படுத்தியது. நாடு முழுமைக்கும் அது 2005இல்தான் வந்தது. பெருமைக்குரிய சட்டம் அது. ஆயினும் சகோதரிக்குப் பங்கு கொடுக்க மனமில்லாத குடும்பங்கள் பாகப்பிரிவினையையே தள்ளிப்போடுகின்றன. பிரித்தால் அவளுக்குக் கொடுக்க வேண்டும்; பிரிக்காமல் விட்டால் ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம். சரிந்து கிடக்கும் பல சுவர்களுக்குப் பின்னே இந்தக் கணக்கு இருக்கிறது.

ஊர் நடுவே நிலம் முடங்கிக் கிடப்பதால் நகரம் வெளியே பரவுகிறது. எங்கே பரவுகிறது என்பதை ஊர்ப்பெயர்களே சொல்லிவிடும். தெலுங்கில் ‘குண்ட’ என்றால் குட்டை, ‘செருவு’ என்றால் ஏரி, ‘மிட்ட’ என்றால் மேடு. சித்தூரின் மிட்டூரு மேட்டில் அமைந்த ஊர் என்று பெயரிலேயே எழுதி வைத்தார்கள். தும்மலகுண்ட என்ற பெயரில் குட்டை இருக்கிறது. இவற்றுக்கு மேல் இன்று ‘நகர்’, ‘காலனி’, ‘என்கிளேவ்’ என்று புதுப்பெயர்களை ஒட்டுகிறோம். பெயரை மாற்றினால் நீர் தன் வழியை மாற்றிக்கொள்ளாது.

2021 நவம்பரில் அது நமக்கு உணர்த்தப்பட்டது. அலிபிரிப் படிகளில் வெள்ளம் அருவியாக இறங்கியது. நகரின் தாழ்ந்த குடியிருப்புகள் நாள்கணக்கில் நீரில் நின்றன. ராயலசெருவின் கரையில் கசிவு கண்டு சுற்றுக் கிராமங்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அதே மாதம் திருப்பதியின் ஒரு குடியிருப்பில் சிமென்ட் உறைகளாலான நிலத்தடித் தொட்டியொன்று, அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோதே தரைக்கு மேல் எழும்பியது. பலர் அதை அதிசயமாகப் பார்க்கச் சென்றனர். நீர் நிரம்பிய மண், உள்ளே காலியான தொட்டியை மேலே தள்ளுவது எளிய இயற்பியல்.

இதில் பெரிதும் இழப்பவர் யார் என்பதையும் பேச வேண்டும். 2020 டிசம்பரில் தொடங்கிய அரசு வீட்டுமனைத் திட்டத்தில் நகர்ப்புற ஏழைக்கு ஒதுக்கப்பட்டது ஒரு சென்ட், ஏறத்தாழ 435 சதுர அடி. அதுவும் பெரும்பாலும் ஊருக்கு வெளியே. பூ விற்கும் பெண்ணும் விடுதியில் துப்புரவு செய்பவரும் நாள்தோறும் ஆட்டோவுக்குச் செலவழித்து வேலைக்கு வர வேண்டும். சாலையும் குடிநீர்க் குழாயும் வடிகாலும் மின்கம்பமும் முன்பே உள்ள தெருவில், ஐந்து சென்ட் மனை கொசுவுக்கும் பாம்புக்கும் குடியிருப்பாகிறது. பொதுப்பணத்தில் போட்ட வசதி வீணாகிறது. அதே பொதுப்பணத்தில் புறநகரில் மீண்டும் குழாய் பதிக்கிறோம்.

“என் மனை, என் விருப்பம்” என்பார்கள். மகளின் படிப்புக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு மனை வாங்கிய ஆசிரியரையும் பத்து மனைகளை முடக்கி வைத்திருப்பவரையும் ஒரே தட்டில் நிறுத்துவது நியாயமன்று என்பதை ஏற்கிறேன். ஆனால் மனையின் விலையை உயர்த்தியது உரிமையாளரின் உழைப்பு மட்டும் அன்று. எதிரே போடப்பட்ட சாலையும் அருகே வந்த கல்வி நிறுவனமும்தான். ஊர் தந்த மதிப்பை ஏற்றுக்கொள்பவர் ஊருக்கான கடமையையும் ஏற்க வேண்டும்.

செய்யக்கூடியவை பல உள்ளன. காலிமனை வரி ஆந்திர நகராட்சிச் சட்டத்தில் முன்பே இருக்கிறது. ஒரே மனை வைத்திருப்பவருக்குச் சில ஆண்டுகள் சலுகை அளித்து, அதன்பின் காலியாகக் கிடக்கும் ஆண்டுகளுக்கேற்ப வரியை உயர்த்தலாம். அத்தொகையை அதே வார்டின் வடிகாலுக்கே செலவிடலாம். 2019 முதல் இயங்கும் வார்டு செயலகங்கள் பூட்டிய வீடுகளையும் காலிமனைகளையும் கணக்கெடுத்துப் பொதுப்பார்வைக்கு வைக்கலாம். பங்காளிகளிடையே இழுபடும் வீடுகளுக்கென மக்கள் நீதிமன்றம் தனி அமர்வுகள் நடத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய கிராம வரைபடத்தில் ஏரி, ஓடை, கால்வாய் என்றிருக்கும் புல எண்ணில் எந்த மனைப்பிரிவுக்கும் ஒப்புதல் அளிக்கக் கூடாது. நீர்நிலைகளைக் காக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2001இலேயே ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் தெளிவாகக் கூறிவிட்டது.

இதை வாசிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். புறநகரில் மனை பார்க்கச் செல்லும்போது பத்திரத்தோடு அந்தக் கிராமத்தின் பழைய வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள். ஊரில் உங்கள் பங்கும் சேர்ந்த பூட்டிய வீடு இருந்தால், இந்தச் சங்கராந்திக்கு எல்லோரும் கூடும்போது, சகோதரிகளையும் உட்காரவைத்துப் பேசி முடியுங்கள். அந்தப் பூட்டைத் திறக்க அரசாணை எதுவும் வேண்டியதில்லை.