மீனின் மூக்கும் மயில்துத்தமும்

மாடம்பாக்கம் ஏரிக்கரையில் தூண்டிலிட்டோர் எவரும், கலங்கல் நீரிலும் கெளுத்தி இரையைத் தேடி வருவதைக் கண்டிருப்பர். அங்கே கண்ணுக்கு வேலையில்லை. வாசனையும் சுவையுமே அதற்கு வழிகாட்டுவன. மீனின் மூக்கு நம்முடையதைப்போல் தொண்டையோடு தொடர்புடையதன்று. முன்துளையால் நீர் புகுந்து பின்துளையால் வெளியேறும். இடையே மலரிதழ்போல் அடுக்கிய மெல்லிய தோலில் வாசனையறியும் உயிரணுக்கள் உள.

இத்தோலை முன்னர் ஒருசேர அரைத்துப் பரீக்ஷித்தனர். அது கிராமம் முழுமைக்கும் சராசரி மகசூல் கூறுவதை ஒக்கும். எப்புலத்தில் என்ன விளைந்ததென்பது விளங்காது. 2009-ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவரும் புதிய முறையோ, சர்வே எண் வாரியாக அடங்கல் எழுதுவதைப் போன்றது. ஒவ்வோர் உயிரணுவையும் தனியே பிரித்து, அதில் எந்த மரபணு வேலை செய்கிறதென்று படிக்கின்றனர். பெரும்பாலும் ஓர் உயிரணு ஒரே வகை வாசனையேற்பியைத்தான் தாங்குகிறது.

இவ்வாராய்ச்சிக்கு மிகுதியும் பயன்படும் வரிக்குதிரை மீன் நம் நாட்டு ஓடைகளுக்கும் நெல்வயல்களுக்கும் உரியதே. 1822-இல் ஹாமில்டன் என்பவர் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் இதனை விவரித்தார். அழுகிய பிணத்தினின்று எழும் காடவரின் என்னும் பொருளை உணர்ந்து விலகுவதற்கு இம்மீனுக்குத் தனி ஏற்பியொன்று உண்டென 2013-இல் தெரியவந்தது.

இதில் விவசாயிக்கு என்ன என்று கேட்கலாம். பாசி நீக்கவும், பயிர்நோய்க்குப் போர்டோ கலவை செய்யவும் நாம் கொள்ளும் மயில்துத்தத்தில், எடையில் காற்பங்கு செம்பு. நீரில் கரைந்த செம்பு, லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே, சால்மன் மீன்களின் மோப்பத்தை மழுக்குமென 2003-இல் அமெரிக்காவில் கண்டனர். மோப்பமிழந்த மீன் உடனே சாவதில்லை. மிதக்கும் பிணம் இல்லாமையால் நாமும் ஐயுறுவதில்லை. இதுவே எமக்கு மிகுந்த கவலை தருவது. செம்பினால் எல்லா வகை உயிரணுவும் ஒருபோல் கெடுவதுமில்லை. எவ்வகை கெடும், எவ்வகை மீளும் என்பதைத் தனித்தனியே படித்தாலன்றி அறிய இயலாது.

ஆகவே இம்முறையை வரிக்குதிரை மீனோடு நிறுத்தாமல், நாம் வளர்க்கும் கட்லா, ரோகு, விரால் ஆகியவற்றிலும் நடத்தவேண்டுமென்பது எமது அபிப்பிராயம். முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்புக்கு மத்திய சர்க்காரின் ஆராய்ச்சி நிலையம் இருக்கையில், நம் ஏரி மீனுக்கும் அத்தகைய கவனம் வேண்டுதல் மிகையாகாது.

2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த மாடம்பாக்கத்தில் ஏரியைச் சூழ வீடுகள் பெருகிவிட்டன. அங்கே சாக்கடையும் கவனிக்கத்தக்கது. ஏனைய ஊர்களில் ஆராய்ச்சி முடியும்வரை காத்திராமல், நீரைப் பரீக்ஷியாது மயில்துத்தம் இடலாகாதென்று மீன்பாசி ஏலப் பத்திரத்தில் ஒரு நிபந்தனையைக் கிராம அதிகாரிகள் சேர்ப்பிக்கலாம். கலவை தெளித்த கருவியை ஏரியில் கழுவுவதையும் அதனுடனேயே தடுத்துவிடலாம்.