முழங்கையில் ஒட்டிய குமிழ்

வியர்த்தால் குமிழ் கழன்றுவிடும். பந்து வீசும் பையனின் முழங்கையைத் துடைத்து, கேமரா அசைவைப் பின்தொடர உதவும் அந்தச் சின்னக் குமிழை இருபக்கப் பசைநாடாவில் மறுபடி ஒட்டி, "தம்பி, இன்னும் ஆறு பந்து" என்பேன். பதினைந்து வருடமாக மனித அசைவை அளப்பதுதான் என் வேலை. பல்கலைக்கழகப் பதவி உயர்வு நேர்காணலில் என்னிடம் கேட்டதோ ஒன்றே ஒன்று: ஆய்விதழில் கட்டுரை எத்தனை?

ஆனால் இந்த அளவீட்டின் பயன் கட்டுரையோடு முடிவதில்லை. இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 மெல்போர்ன் டெஸ்டில் அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் நோபால் கொடுத்தார். பிறவியிலேயே அவர் கை முழுதாக நிமிராது; வெறும் கண்ணுக்கு அது எறிவதுபோலத் தெரியும். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வகம் கேமரா வைத்து அளந்த பிறகுதான் பேச்சு மாறியது. சுழலுக்கு 5 டிகிரி, வேகத்துக்கு 10 என்றிருந்த, பந்து வீசும்போது முழங்கை நிமிரும் வரம்பை 2005-ல் எல்லாருக்கும் 15 ஆக்கியது சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசி. எத்தனை பேருடைய ஆட்ட வாழ்க்கை அந்த எண்ணில் தொங்கியது!

பையனின் இடுப்புத் திருகலைப் பற்றிப் பயிற்சியாளருக்கு நான் எழுதித் தரும் இரண்டு பக்கக் குறிப்பு எந்த ஆய்விதழிலும் வராது. அவன் முதுகெலும்பில் விரிசல் விழாமல் காக்க உதவுவது அதுதான். பல்கலைக்கழகங்கள் அதற்கும் மதிப்பெண் தரவேண்டும். அடுத்த நேர்காணலுக்கு அந்தக் குறிப்புகளைத்தான் கட்டாகக் கொண்டுபோகப் போகிறேன்.