ஆழம் தெரிந்து காலை விடு!



"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று பெரியவங்க சொல்வாங்க. காலையே விடாதே என்பதற்காகவா இந்தப் பழமொழி? இல்லை. முதலில் ஆழத்தைத் தெரிஞ்சுக்கோ என்பதற்குத்தான். இதுவே என் கருத்து. இதற்கு ஓர் உதாரணம் அமெரிக்காவில் இருக்கு.

அங்கே யூட்டா, அரிசோனா என்று இரண்டு மாநிலங்கள். பல இடங்கள் பாலைவனம். மணற்பாறையை மழைத்தண்ணீர் பல்லாயிரம் வருஷமாக அறுத்து அறுத்து, ஒடுக்கமான பள்ளத்தாக்குகளை உண்டாக்கியிருக்கு. சில இடத்தில் கைகளை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். நிமிர்ந்து பார்த்தால் வானம் ஒரு கோடு மாதிரி தெரியும். காலையில் இதற்குள் இறங்கி சாயங்காலம் வெளியே வருவது ஒரு விளையாட்டு. பெயர் கேன்யனீரிங்.

செங்குத்தான இடத்தில் கயிற்றில் இறங்கணும். இதற்கு ராப்பெல்லிங் என்று பெயர். கிணறு தூர் வார கயிற்றில் இறங்குவாங்களே, கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் இவர்கள் இடுப்பிலும் தொடையிலும் பட்டை மாட்டி, கயிற்றை ஓர் உலோகக் கருவிக்குள் நுழைத்துக் கொள்வார்கள். கயிறு அதில் உரசுவதால் வேகம் குறையும். நாம் அறிவியலில் படித்த அதே உராய்வு விசைதான்! கீழ்க்கயிற்றைப் பிடித்திருக்கும் கைதான் பிரேக். அதை விடவே கூடாது. கடைசி ஆளும் இறங்கியதும் கயிற்றை உருவிக் கொள்வார்கள். அப்புறம் வந்த வழியே திரும்ப முடியாது. அதனால் யோசிக்கிறதை எல்லாம் இறங்குறதுக்கு முன்னாடியே யோசிக்கணும்.

யோசிக்க என்ன இருக்கு? முதலில் மழை. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டலோப் பள்ளத்தாக்கில் 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் இறந்து போனார்கள். பெரிய மழை பெய்தது அங்கே இல்லை, பல மைல் தள்ளி! பாறை தண்ணீரை உறிஞ்சாது. எங்கோ பெய்த மழை இடுக்குக்குள் சீறிப் பாய்ந்து விட்டது. 2015 செப்டம்பர் 14 அன்று யூட்டாவின் சயான் தேசியப் பூங்காவில் கீஹோல் பள்ளத்தாக்கில் இறங்கிய 7 பேரும் இப்படியே இறந்தார்கள். வெள்ளம் வரலாம் என்ற எச்சரிக்கை அன்றைக்கு இருந்தது.

இரண்டாவது, சொல்லிட்டுப் போவது. 2003 ஏப்ரலில் ஆரன் ரால்ஸ்டன் என்பவர் யூட்டாவில் புளூஜான் பள்ளத்தாக்கிற்குத் தனியாகப் போனார். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பாறை உருண்டு வலது கையை நசுக்கிப் பிடித்துக் கொண்டது. ஐந்து நாளுக்கு மேல் அப்படியே கிடந்தார். எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு, ஒற்றைக் கையால் கயிற்றில் இறங்கி உயிர் பிழைத்தார். இந்தக் கதைதான் 2010-இல் '127 ஹவர்ஸ்' என்ற படமாக வந்தது. அதற்கு இசை நம்ம ஏ.ஆர்.ரகுமான்!

"பாத்தியா, இதுக்குத்தான் எங்கேயும் போகாதேன்னு சொல்றோம்" என்று சிலர் சொல்லலாம். நான் ஒத்துக்க மாட்டேன். ரால்ஸ்டனே பிறகும் மலை ஏறுவதை விடவில்லை. வானிலை பார்த்து, அனுமதி வாங்கி, தெரிந்தவர்களோடு போய்ப் பத்திரமாகத் திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்காங்க. ஆபத்தைக் குறைப்பது பயம் இல்லை, பயிற்சி.

இதை ஏன் இங்கே எழுதறேன் என்றால், நம்மில் பல பெண்பிள்ளைகளுக்கு 'போகாதே' என்பது மட்டும்தான் பாதுகாப்பாகச் சொல்லித் தரப்படுது. சுற்றுலா என்றால் அண்ணன் தம்பிக்கு உடனே கையெழுத்து கிடைக்கும். நமக்கு "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" என்ற கேள்விதான் கிடைக்கும். நீச்சல் கற்க வேண்டாம், கிணற்றுப் பக்கம் போக வேண்டாம் என்கிறார்கள். நீச்சல் தெரியாத பிள்ளை தவறி விழுந்தால் அந்த 'வேண்டாம்' வந்து காப்பாற்றுமா?

பெற்றோர்களே, ஆசிரியர்களே! எங்களுக்கு நீச்சலும் முதலுதவியும் கயிற்றில் முடிச்சுப் போடவும் சொல்லிக் கொடுங்க. தோழிகளே! நாமும் எங்கே போறோம், யாரோட போறோம், எப்போ வருவோம் என்று உண்மையைச் சொல்லிட்டுப் போகணும். சொல்வது அடிமைத்தனம் இல்லை. அதுதான் மேலே கட்டியிருக்கும் கயிறு. ஆனால் கயிறு கட்டுவது இறங்குவதற்காகத்தானே? கட்டிப் போடுவதற்கு இல்லையே!

சிந்திப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி